சபையில் யார் கண்ணிலும் படாதவர்களைத் தேடிப் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிசம்பர் வந்தால் வாலிபர் சங்கம் ஒரு வேன் பிடித்து, கேக்கையும் போர்வையையும் ஏற்றிக்கொண்டு, எங்கோ இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டு வரும். போகட்டும், தப்பில்லை. ஆனால் வேன் கிளம்புகிற அதே தெருவில், முழங்கால் தேய்ந்து வாசற்படி தாண்ட முடியாமல் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருப்பார், அந்த வேனில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஓய்வுநாள் பாடசாலையில் வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், அவர் கோயிலுக்கு வருவது நின்றுபோனதையே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி அவரைப் போன்றவர்களைப் பற்றியது. தெற்கத்திச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரங்களில், நடப்பதை வைத்து எழுதுகிறேன். கத்தோலிக்கர்கள் சேகரத்துக்குப் பங்கு என்றும், தெருக் குழுவுக்கு அன்பியம் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் படியில் தொடங்கி இரண்டாம் மாதத்தில் நின்றுபோகிறார்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

இருவராகப் போங்கள், தனியாக வேண்டாம். இயேசுவும் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஒருவர் பேசும்போது மற்றவர் வீட்டைக் கவனிக்கலாம்: அடுப்பு எரிந்த அடையாளம் இருக்கிறதா, மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறதா என்று. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கோ பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கோ போனால், இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். வீண்பேச்சுக்கும் இடமில்லை, அவர்களுக்கும் பாதுகாப்பு.

ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதிச் சீட்டு வாங்குவது போல இல்லை, அடுத்த படிக்குத் தேவையான ரிஜிஸ்டர்கள் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன.

வாரத்தில் ஒரு மணி நேரம், அதே கிழமை, அதே நேரம் ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு நாள் முழுக்க ஓடுவதைவிட இது நல்லது. வீட்டோடு கிடப்பவர்களுக்குக் கிழமைகளே மறந்துபோகும், நீங்கள் வருகிற நாள்தான் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை.

ஒரு சின்ன நோட்டு வேண்டும். செல்போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுத்தாலே படம் எடுக்கப் போகிறார்கள் என்று பெரியவர்கள் சேலையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில எண்கள்: ஆம்புலன்ஸ் 108, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 (காலை 8 முதல் இரவு 8 வரை), பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், கிராம நிர்வாக அலுவலர், நம்பகமான ஒரு ஆட்டோக்காரர்.

பணம், பேனர், பனியன் எதுவும் வேண்டாம்.

2. பட்டியல் எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நாலு பேர் உட்கார்ந்து "யாரெல்லாம் கஷ்டப்படுறாங்க?" என்று யோசித்தால், கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர்களின் பெயர்தான் வரும். சொல்லத் தெரியாதவர்களும் கூச்சப்படுகிறவர்களும் நம் ஞாபகத்திலேயே இருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் இந்த வேலையே தேவைப்பட்டிருக்காது.

அதனால் ரிஜிஸ்டரை எடுங்கள். சபையார் கட்டுகிற சங்கக் காணிக்கையின் பதிவேட்டில் ஒழுங்காகக் கட்டிவந்து திடீரென்று நின்றுபோன பெயர்கள் எவை? வேலை போயிருக்கலாம், படுத்திருக்கலாம், யார் மீதோ மனத்தாங்கலாகவும் இருக்கலாம். அடுத்து அடக்கப் பதிவேடு. கடந்த இரண்டு வருடத்தில் அடக்கம் பண்ணப்பட்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மனைவியோ கணவனோ தாயோ இருக்கிறார், அவர் இப்போது எங்கே என்று எழுதுங்கள். அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளில் ஓய்வுநாள் பாடசாலைக்கு வராதது யார்? ஊர் மாறிப் போனவர்களைக் கழித்தால், நடக்க முடியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்று ஒன்றிரண்டு மிஞ்சும். கூட்டத்தில் சத்தம் போட்டுவிடுமோ என்று பயந்து அந்தப் பெற்றோரும் கோயிலுக்கு வருவதை விட்டிருப்பார்கள்.

ரிஜிஸ்டரில் இல்லாததை, மணி அடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரிடம் கேளுங்கள். கடைசி ஜெபத்துக்கு முன்னால் எழுந்து போய்விடுகிறவர் யார், மணி அடிக்கும்போது வாசலில் நின்றுவிட்டு உள்ளே வராமல் திரும்புகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். கேட்டு முடித்ததும் அவர் பெயரையும் பட்டியலில் சேருங்கள். பண்டிகை நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிற அவரிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆள் இருக்காது.

இனி கொஞ்சம் கசப்பான வேலை. ஒரு தாளில் சேகரத்தின் தெருக்களை வரைந்து, பட்டியலில் உள்ள பெயர்களைத் தெருவாரியாகக் குறியுங்கள். ஒரு தெருவிலோ காலனியிலோ ஒரு பெயர்கூட விழவில்லை என்றால், அங்கே கஷ்டப்படுகிறவர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் குழுவில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதற்குக் காரணம் சாதி. அதைப் பேசாமல் தாண்டிப்போகிற ஊழியம், தன் சொந்தக்காரர்களை நலம் விசாரிப்பதோடு முடிந்துவிடும்.

கடைசியாக, கண்ணெதிரே இருந்தும் தெரியாதவர்கள்: காது மந்தமாகி, பாட்டு எண் புரியாமல் பக்கத்தவரின் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறவர், கல்யாணமாகாத நடுவயதுப் பெண்கள், குடியிலிருந்து மீண்டு வந்தும் பின்வரிசையிலேயே உட்காருகிறவர், பக்கத்துக் கட்டட வேலையில் இருந்து ஞாயிறு தோறும் வந்து மொழி புரியாமல் உட்கார்ந்து போகிற ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள்.

3. பட்டியலைச் சுருக்குங்கள்

நாற்பது பெயர் வந்தால் நாற்பதையும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். ஒரு ஜோடிக்கு நாலு வீடு போதும். வாரம் ஒரு வீடு என்றால் மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிடலாம். அதற்கு மேல் போனால் அடுத்த முறை எப்போது என்று உங்களுக்கே தெரியாமல் போகும், காத்திருப்பவர்களுக்கு அது வராமலே இருந்ததைவிட மோசம்.

தனியாக வசிக்கிறவர் முதலில், அடுத்து சமீபத்தில் துணையை இழந்தவர், அடுத்து படுக்கையில் இருப்பவர் உள்ள வீடு. மிச்சப் பெயர்களைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த ஜோடி சேரும்போது அவர்களுக்கு அதுதான் தொடக்கம்.

4. முதல் சந்திப்பு

முந்தின நாள் போன் பண்ணுங்கள். மகனும் மருமகளும் உள்ள வீடு என்றால் அவர்களிடம் முதலில் பேசுங்கள், இல்லாவிட்டால் "நாங்க சரியா பாக்கலன்னு வேவு பாக்க வந்திருக்காங்க" என்று நினைத்துக்கொள்வார்கள். காலை பத்தரைக்கு மேல், அல்லது சாயங்காலம் நாலு மணி வாக்கில் போங்கள். மதியத் தூக்க நேரமும் சீரியல் நேரமும் ஆகாது. சீரியல் பார்க்கிற பாட்டியை வேதபாடத்துக்கு இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாட்டி மரியாதைக்காக டிவியை அணைத்துவிட்டு மனதுக்குள் கதையை ஓட்டிக்கொண்டிருப்பார்.

என்ன கொண்டுபோவது? பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போவது நமக்கு வழக்கமில்லை. அரை டஜன் பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட், அவ்வளவுதான், அத்தை வீட்டுக்குப் போனால் என்ன எடுத்துப்போவீர்களோ அது. சர்க்கரை நோய் உண்டா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிய மூட்டையை முதல் நாளே கொண்டுபோகாதீர்கள். மூட்டை உள்ளே நுழைந்த நொடியில் நீங்கள் கொடுக்கிறவர், அவர் வாங்குகிறவர் என்று ஆகிவிடும். அப்புறம் உங்களிடம் மனசு விட்டுப் பேச மாட்டார், நன்றி மட்டும்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

உட்காருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவர் கண்மட்டத்துக்கு வந்து பேசுங்கள். காது மந்தமானவர் என்றால் எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், உதடு அசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். கத்தத் தேவையில்லை, நிறுத்திப் பேசினால் போதும்.

காப்பி கொடுத்தால் குடியுங்கள். இதைத் தனியாகவே சொல்கிறேன், ஏனென்றால் "பரவாயில்லை, வேண்டாம்" என்று பண்பாக மறுக்கிறவர்கள் அதிகம். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று பழகிப்போன தெருக்கள் உண்டு. அங்கே அந்த டம்ளரை வாங்கிக் குடிப்பதுதான் உங்கள் முதல் ஊழியம்.

கேட்கக்கூடாதவை: "ஏன் கோயிலுக்கு வரல?", "பிள்ளைங்க பாக்கிறதில்லையா?" முதலாவது குற்றம் சாட்டும், இரண்டாவது பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும். கேட்க வேண்டியவை: "காலைல எழும்பினா ஒரு நாள் எப்படிப் போகும் பெரியம்மா?", "ராத்திரி பாத்ரூம் போகணும்னா எப்படிப் போவீங்க?", "மாத்திரை தீர்ந்தா யாரு வாங்கிட்டு வருவாங்க?", "கோயில்ல யாரைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு?" இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் வீட்டின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும்.

முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். நோட்டில் எழுதுவதெல்லாம் தெரு முனைக்கு வந்த பிறகு.

5. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

பர்திமேயு குருடன் என்பது எரிகோ வழியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியும் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). நாம் கேட்பதில்லை. போர்வை ஏற்கெனவே ஐந்து இருக்கும் வீட்டுக்கு ஆறாவதைக் கொண்டுபோகிறோம்.

கேட்டால் வருகிற பதில்கள் பெரும்பாலும் சின்னவை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. எரியாத பல்பை மாற்ற உயரமான ஒரு ஆள். பெரிய எழுத்து வேதாகமம். பேத்தியின் குரல் கேட்க வாட்ஸ்அப்பில் எதை அமுக்குவது என்று சொல்லித்தர ஒருவர். நகம் வெட்டிவிடச் சொல்வார்கள், சர்க்கரை நோயாளி என்றால் கால் நகத்தை நீங்கள் தொடாதீர்கள், நர்ஸிடம் சொல்லுங்கள், சின்னக் காயம்கூட ஆறாத புண்ணாகிவிடும்.

இரண்டு வாரத்துக்குள் முடிக்கக்கூடியதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதற்கு "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி, விசாரித்து, கிடைக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள்.

6. அலுவலக வேலை

ஜெபக்குழுவினருக்கு இது பிடிக்காது. ஆனால் ஒரு வருடம் நீங்கள் கொண்டுபோகிற பழத்தைவிட, சரியாகப் போட்டுக்கொடுத்த ஒரு விண்ணப்பம் அதிக காலம் சோறு போடும்.

முதியோர் உதவித்தொகையும் ஆதரவற்ற விதவை உதவித்தொகையும் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டன. 60 வயதான, ஆதரவில்லாத ஏழைகள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான வட்டாட்சியர் முடிவு செய்வார். புதியவர்கள் செய்கிற தவறு, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த வருடமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது. ஒன்றில் ஞானம்மாள், இன்னொன்றில் ஞானம் என்று இருந்தால் திரும்பி வந்துவிடும். முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. பெயர் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ரேஷனுக்கு, தனியாக வாழும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியது, பொருள் வீட்டுக்கே வரும். ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றுக்கு அஞ்சல் ஊழியரே கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வருவார். டீச்சரம்மாவை ஆட்டோவில் ஏற்றி கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் தபால் நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் அடி, பட்டினி, பூட்டி வைத்தல் போன்றவை தெரிந்தால் பஞ்சாயத்துப் பேச வேண்டாம், நீங்கள் போன பிறகு அந்தப் பாட்டிதான் அங்கே இருக்கப் போகிறார். அவரைத் தனியாக வைத்து, என்ன செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். 14567-க்கு அழைக்கலாம். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் போலீஸ்.

7. பணம்

சொந்தப் பையிலிருந்து ரொக்கம் கொடுக்காதீர்கள், கடனும் வேண்டாம். கொடுத்தால் அடுத்த முறை கதவைத் திறக்கவே கூச்சப்படுவார். தேவை உண்மை என்றால் சபையின் தர்ம நிதியிலிருந்து, ஐயர் மூலமாக, ரசீதோடு போகட்டும்.

ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கையில் திணிப்பார்கள், "நீயும் என் பேரன்தானே" என்பார்கள். வாங்காதீர்கள். ஆட்டோவில் அவரையே வங்கிக்குக் கூட்டிப்போங்கள், முடியாவிட்டால் வீட்டுக்கு வந்து பணம் தரும் வங்கி முகவரை ஏற்பாடு செய்யுங்கள். நகை, பத்திரம், உயில் பேச்சு வந்தால் எழுந்துவிடுங்கள்.

8. பார்த்துக்கொள்கிறவரையும் பாருங்கள்

படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். அடுப்படியில் நின்று கதவோரமாக ஆமென் சொல்கிற மருமகளை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருடமாக ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். அவரிடம் "தங்கச்சி, அடுத்த வாரம் ரெண்டு மணி நேரம் நாங்க பாத்துக்கிறோம், நீ எங்கயாவது போயிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை நம்ப மாட்டார். இரண்டாம் தடவை கடைத்தெரு வரை போய் அரை மணியில் ஓடி வந்துவிடுவார். மூன்றாம் தடவைதான் அம்மா வீட்டுக்குப் போவார். பொறுமையாக இருங்கள்.

போகும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது, தண்ணீரை எப்படிக் கொடுப்பது, புரையேறினால் என்ன செய்வார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. திரவ உணவுக் குழாய் போட்டிருந்தால் அதை நீங்கள் தொட வேண்டாம்.

9. கோயிலில் இடம் பண்ணுங்கள்

இத்தனையும் நடந்த பிறகு ஒருநாள் அந்த டீச்சரம்மா "ஒரு ஞாயித்துக்கிழமை வரணும்" என்பார். அன்றைக்கு வாசலில் நாலு படி இருக்கும், கைப்பிடி இருக்காது.

சாய்தளம் கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு வையுங்கள். வாசற்படி இரண்டடி உயரம் என்றால் இருபத்துநாலு அடி. இடமில்லை என்று எட்டு அடியில் செங்குத்தாகக் கட்டிவைத்த சாய்தளங்கள் ஊரெங்கும் இருக்கின்றன, அவற்றில் பைக்தான் ஏறும். இடம் போதாவிட்டால் திருப்பம் வைத்துக் கட்டுங்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலிகள் நாலு போடுங்கள், கையை ஊன்றி எழ அதுதான் வசதி. கழிவறைக் கதவு சக்கர நாற்காலிக்கு இடம் விடுகிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

வரவே முடியாதவர்களுக்குத் திருவிருந்தை (ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சரசமும்) வீட்டுக்குக் கொண்டுவர ஐயரிடம் நாள் கேட்டு வாங்குங்கள். நாலாம் படியில் சொன்ன கடைசிக் கேள்வியை நேர்மையாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், பலர் சொல்கிற முதல் ஆசை இதுதான். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் பார்சல் கட்டி அனுப்புவதோடு விடாமல், முடிந்தவர்களைக் கூட்டிவந்து பந்தியில் உட்காரவையுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

10. அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ல், கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழுமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நம் கமிட்டிகளில் இது நடக்கிறதா?

காலனித் தெருவில் இருந்து ஒருவர் உங்கள் குழுவுக்குள் வர வேண்டும், உதவி வாங்குபவராக இல்லாமல், பட்டியல் போடுகிறவராக. வீட்டோடு இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. தினமும் காலையில் தனியாக இருக்கும் இன்னொருவருக்குப் போன் போட்டு "எழுந்தாச்சா?" என்று கேட்பது ஒன்று, அந்தப் போன் எடுக்கப்படாத நாளில் உங்களுக்குத் தகவல் வந்துவிடும். பழைய கீர்த்தனைகளின் ராகம் பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களை டீச்சரம்மா வீட்டுக்கு அனுப்புங்கள்.

11. ஜெபமும் பிற மதத்தாரும்

"ஜெபிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், சுருக்கமாக. அவர் சொல்லாத ரகசியம் எதையும் ஜெபத்தில் அவிழ்க்காதீர்கள், சபையின் விண்ணப்ப ஜெபத்தில் வியாதியின் பெயரையும் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டு இந்துப் பாட்டிக்கும் முஸ்லிம் தாத்தாவுக்கும் இதே உதவியைச் செய்வீர்கள், செய்யத்தான் வேண்டும். அங்கே மதப் பிரசாரக் கைப்பிரதி கொண்டுபோகாதீர்கள். உதவிக்கு விலை கேட்கிற மாதிரி இருக்கும். நீங்கள் யார் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

12. விட வேண்டிய நேரத்தில் சரியாக விடுங்கள்

படிப்பு, கல்யாணம், இடமாற்றம் என்று உங்களில் ஒருவர் போக வேண்டிவரும். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். புதியவரை இரண்டு முறை கூடவே கூட்டிப்போய் அறிமுகப்படுத்தி, மூன்றாம் முறை அவரைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டையும் அப்போது கொடுங்கள்.

நாலு வீட்டில் ஒரு வீட்டில் சாவு விழும். அடக்கத்தன்று ஊரே கூடும், பத்து நாள் ஆள் வந்துகொண்டே இருக்கும், அப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் மூன்றாம் மாதம் போங்கள், அதே கிழமை, அதே நேரம். இப்போது அந்த வீட்டில் பட்டியலில் இருக்க வேண்டிய பெயர் மருமகளுடையது. பழைய பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு இருமுறை, லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) தொடங்கும் முன்னும் அசனப் பண்டிகைக்கு முன்னும், ரிஜிஸ்டரை மறுபடி எடுத்து இரண்டாம் படியை முதலிலிருந்து செய்யுங்கள்.